கியோட்டோவில் வாசல் பெருக்கும் அளவு

#1 நடைவண்டி

வணக்கம். மாயவரத்துக்காரன் நான். சென்ற ஆண்டு அக்டோபரில் மேற்படிப்புக்காக ஜப்பானின் கியோட்டோ நகருக்கு வந்தேன்; பதினொரு மாதம் ஓடிவிட்டது. ஊரிலிருந்து பேசுகிறவர்கள் எல்லோரும் இரண்டே கேள்வி கேட்கிறார்கள். ரயில் நேரம் தவறவே தவறாதாமே? மீனைப் பச்சையாகத் தின்கிறார்களாமே? பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. எனக்குச் சொல்ல இருப்பது ஒரு துடைப்பத்தைப் பற்றி.

குடியிருப்பது நகரின் வடமேற்குப் பக்கம், நிஷிஜின். மூன்று மாணவர்கள் சேர்ந்து எடுத்திருக்கும் பழைய மர வீடு. இந்த வகை வீட்டை மச்சியா என்கிறார்கள். தெருப் பக்கம் குறுகல், உள்ளே போகப் போக நீளம். விலாங்கு மீனின் படுக்கை என்று ஊர்க்காரர்களே கேலி செய்வார்கள். ரேழியும் முற்றமும் கொல்லையுமாக நீண்டுபோகும் வீட்டில் வளர்ந்தவனுக்கு முதல் நாளே பழகிவிட்டது. முற்றம் இருக்க வேண்டிய இடத்தில் கைக்குட்டை அளவு தோட்டம்: ஒரு கல்விளக்கு, கொஞ்சம் பாசி, ஒரு செடி. தெருச் சுவரில் மடித்து வைத்த பலகை ஒன்று. கீழே இழுத்துவிட்டால் திண்ணை. வேலை முடிந்ததும் மடக்கிவிடலாம். திண்ணையைச் சுருட்டி வைக்கலாம் என்று நம் ஊரில் யாருக்கும் தோன்றவில்லையே என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன்.

கூரை விளிம்பில் ஒரு சாண் உயரத்துக்குக் களிமண் பொம்மை: தாடி, முறைப்பு, கையில் வாள். பெயர் ஷோக்கி. பேய் விரட்டச் சீனத்திலிருந்து வந்தவர். கட்டி முடிக்காத வீட்டில் நாம் தொங்கவிடும் திருஷ்டி பொம்மையின் சித்தப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு நுணுக்கம். எதிர்வீட்டிலும் ஷோக்கி இருந்தால் இருவர் பார்வையும் நேருக்கு நேர் மோதக் கூடாதாம். சற்றுத் திருப்பித்தான் வைப்பார்கள். நம் வீட்டுப் பேயை விரட்டி எதிர்வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இனித் துடைப்பம். காலை ஆறு மணிக்குத் தெருவில் பெருக்கும் ஓசை கேட்கும். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளிக்கிறார்கள். கோலம்தான் இல்லை. பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பாட்டிக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேலிருக்கும். ஏப்ரலில் செர்ரிப் பூ உதிர்ந்து தெருவெல்லாம் ஒட்டிக்கிடந்தபோது, வயதானவர் குனிந்து சிரமப்படுகிறாரே என்று ஒருநாள் முந்திக்கொண்டு எழுந்து, எங்கள் வாசலோடு அவர் வாசலையும் சுத்தமாகப் பெருக்கிவிட்டேன். பாட்டி வந்து பல தடவை குனிந்து நன்றி சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் நான் எழுந்தபோது எங்கள் வாசல் முழுவதும் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. மாலையில் ஒரு பெட்டி யாட்சுஹாஷி வந்தது. பட்டை மணக்கும் இந்த ஊர் இனிப்பு. விடுவேனா? மூன்றாம் நாள் மறுபடி அவர் வாசலைப் பெருக்கினேன். நான்காம் நாள் ஐந்து மணிக்கே எழுந்து கதவைத் திறந்தால் எங்கள் வாசல் அதற்கு முன்பே ஈரம்! அதோடு தோற்றுவிட்டேன். அவ்வளவு அன்பான பாட்டி. பெரு நகரம் ஒன்றில் இப்படி ஒரு அண்டை வீடு அமைவது கொடுப்பினைதானே?

#2 ஈரோட்டுக்காரர்

நன்றாக எழுதுகிறீர்கள் தம்பி. என் மகளும் அடுத்த ஆண்டு அங்கே வருவதாக இருக்கிறாள். சைவம். சாப்பாட்டுக்கு என்ன வழி?

#3 நடைவண்டி

ஐயா, கோயில்களின் ஊர், புத்த மடங்களின் சைவச் சமையலுக்குப் பேர் போன ஊர் என்று நம்பித்தான் நானும் வந்தேன். அந்த மடத்துச் சமையல் உண்மையிலேயே உண்டு; எங்களைப் போன்றவர்களுக்கு விலைதான் எட்டாது. வெளியே கடைகளில் பார்க்கக் காய்கறியாக இருக்கும், கொதித்த சாறு மீன் சாறாக இருக்கும்; அதற்குத் தாஷி என்று பெயர். "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் போதாது. "தாஷியும் வேண்டாம்" என்று மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். தோஃபு இங்கே அருமை. பால் ஆடைபோல் சோயாப்பாலில் படியும் ஆடையை எடுத்து விற்கிறார்கள், யூபா என்று பெயர். ஊறுகாய்க்கும் குறைவில்லை. நிஷிக்கி சந்தையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தால் முள்ளங்கியில் இத்தனை உறவுமுறையா என்று தோன்றும். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், ஒரு சின்னக் குக்கர். இவை இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம்.

#4 கோபேவாசி

பதினாறு ஆண்டுகளாகக் கோபேயில் இருக்கிறேன். அதற்கு முன் ஐந்தாண்டு கியோட்டோவில் படித்தேன். தம்பி நடைவண்டி, வருத்தப்படாமல் கேளுங்கள். நீங்கள் அந்தப் பாட்டியோடு போர் தொடுத்திருக்கிறீர்கள்.

அந்த வழக்கத்துக்குக் கதோஹாகி என்று பெயர். வாசல் பெருக்கு என்பதே பொருள். அதற்கு எழுதாத அளவு ஒன்று உண்டு. உங்கள் வாசலைப் பெருக்கிவிட்டு, இரண்டு பக்கத்து வீட்டு எல்லைக்குள்ளும் சுமார் ஓர் அடி கூடுதலாகப் பெருக்க வேண்டும். எல்லைக் கோட்டோடு கச்சிதமாக நிறுத்தினால் "உன் குப்பை உன்னோடு" என்று சொன்னதாக ஆகிவிடும். முழுவதும் பெருக்கினாலோ, "நீங்கள் பெருக்கும் லட்சணம் போதவில்லை" என்று சொன்னதாக ஆகும். அதைவிட மோசம், அவரைக் கடனாளியாக்கிவிடுகிறீர்கள். வாங்கிய உதவியைத் திருப்பாமல் இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. எழுபத்தைந்து வயதில் விடியுமுன் எழுந்து உங்கள் வாசலைப் பெருக்கினாரே, அது வட்டியும் முதலும். இனிப்புப் பெட்டி, "கணக்கை இத்தோடு முடித்துக்கொள்வோமா" என்ற விண்ணப்பம்.

ஓர் அடி. அதுதான் அந்த ஊரின் மரியாதை முழுவதும்.

#5 நடைவண்டி

ஐயோ.

ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை பாட்டியைப் பார்க்கும்போதெல்லாம் "உங்களைத் தோற்கடிக்க முடியவில்லை" என்று என் அரைகுறை ஜப்பானிய மொழியில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவரும் சிரிப்பார். இப்போது அந்தச் சிரிப்பை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நாளையிலிருந்து ஓர் அடி.

#6 எதிர்க்கட்சி

எல்லோரும் உருகுகிறீர்கள். நான் ஒரு கோடைக்காலம் அங்கே மாணவப் பரிமாற்றத்தில் இருந்தவன். எனக்குத் தெரிந்து அது மரியாதை இல்லை, கண்காணிப்பு. எரியும் குப்பைக்கு மஞ்சள் பை. வேறு பையில் போட்டால் எடுக்காமல் விட்டுப்போவார்கள், அது யார் வீட்டுப் பை என்று தெரு முழுக்கத் தெரிந்திருக்கும். வீட்டு மூலையில் வண்டி உரசாமலிருக்க ஒரு பாறாங்கல்லை நட்டு வைப்பார்கள். அதற்கு அவர்களே வைத்த பெயர் "இகேசு கல்". இகேசு என்றால் குசும்பு. முன்பின் தெரியாதவரை ஏற்காத உணவு விடுதிகள் வேறு. பழைய வாடிக்கையாளர் யாராவது அழைத்துக்கொண்டு போனால்தான் உண்டு. வெளியே எல்லோரும் குனிகிறார்கள், உள்ளே ஒருவரும் விடுவதில்லை. நம் ஊரில் சத்தம் உண்டு, குப்பை உண்டு. ஆனால் பக்கத்து வீட்டில் உப்புக் கேட்டு நேரே சமையலறைக்குப் போகலாம்.

#7 கோபேவாசி

உப்புக் கேட்டுச் சமையலறைக்குள் போகும் வழக்கம் உங்கள் அடுக்கக வளாகத்தில் இன்னும் இருக்கிறதா? எங்கள் வளசரவாக்கம் வீட்டில் இல்லை.

கண்காணிப்பு என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஏன் என்றும் பாருங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய மர வீடுகள். ஒருவர் அடுப்பைக் கவனிக்காவிட்டால் தெருவே போய்விடும். 1788இல் பிடித்த தீயில் நகரத்தின் பெரும்பகுதி சாம்பலானது. இன்றைக்கும் பல வீட்டு வாசலில் தண்ணீர் நிரப்பிய சிவப்பு வாளி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்; சமையலறையில் அதாகோ மலைக் கோயிலின் தீக்காப்புச் சீட்டு ஒட்டியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டை போட்டுவிட்டு வேறு ஊருக்குப் போகும் எண்ணம் அங்கே யாருக்கும் இல்லை. தாத்தாவுக்கும் பேரனுக்கும் அதே பக்கத்து வீடு. அப்படி இருக்கும்போது ரொம்ப நெருங்கினாலும் ஆபத்து, விலகினாலும் ஆபத்து.

காமோ ஆற்றங்கரையில் மாலையில் போய்ப் பாருங்கள். சான்ஜோ பாலத்துக்கும் ஷிஜோ பாலத்துக்கும் நடுவே காதலர்கள் கரையோரம் உட்கார்ந்திருப்பார்கள். ஜோடிக்கும் ஜோடிக்கும் இடையே அளந்து வைத்ததுபோல் ஒரே இடைவெளி. யாரும் கோடு போட்டுக் கொடுக்கவில்லை. புது ஜோடி வந்தால் மிகப் பெரிய இடைவெளியின் சரியான நடுவில் போய் உட்காரும்.

#8 நடைவண்டி

அந்த இடைவெளியை நான் வகுப்பு நண்பர்களோடு காலடியால் அளந்து பார்த்திருக்கிறேன். கூட்டமான நாளில் சுருங்குகிறது. ஆனால் எல்லா ஜோடிக்கும் ஒன்றாகவே சுருங்குகிறது.

ஆற்றைப் பற்றிச் சொன்னதால் ஒரு எச்சரிக்கை. இன்னும் வடக்கே தெமாச்சியானகியில் இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் ஆமை வடிவக் கற்களைத் தாண்டி அக்கரை போகலாம். அங்கே உட்கார்ந்து எதையும் சாப்பிடாதீர்கள். பருந்துகள் இருக்கின்றன. என் கையிலிருந்த முட்டை ரொட்டி பின்பக்கமாக வந்த பருந்தோடு போய்விட்டது. சிறகு காதில் உரசியது மட்டும்தான் தெரியும். எச்சரிக்கைப் பலகை என் தலைக்கு மேலேயே இருந்தது.

#9 பழைய தறி

நிஷிஜின் என்ற பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. காஞ்சிபுரத்தில் நெசவுக் குடும்பம் எங்களுடையது. நான் தறியை விட்டுக் கணக்கு வேலைக்குப் போனவன். நிஷிஜின் என்றால் மேற்குப் பாசறை. 1467இல் தொடங்கிப் பத்தாண்டு நடந்த உள்நாட்டுப் போரில் ஒரு படை முகாமிட்ட இடம். போர் முடிந்ததும் ஊர்விட்டு ஓடியிருந்த நெசவாளிகள் திரும்பி வந்து அங்கே தறி போட்டார்கள். 1872இல் அங்கிருந்து மூன்று பேரைப் பிரான்சின் லியோன் நகருக்கு அனுப்பி ஜக்கார்டு தறியை வரவழைத்தார்கள். தம்பி, தறிச் சத்தம் கேட்கிறதா?

இன்னொன்று. ஜப்பானில் ஒரு வகைக் கோடு போட்ட பருத்தித் துணிக்குச் "சான்டோமே" என்று பெயர். எடோ காலத்தில் (1603–1868) கப்பலேறிப்போய் அங்கே பெருமதிப்பாக விற்றது. சான்டோமே என்பது வேறெதுவும் இல்லை, நம் சாந்தோம்தான். போர்த்துகீசியர் வாயில் சோழமண்டலக் கரைக்கே அந்தப் பெயர் ஆகி, துணியோடு சேர்ந்து ஜப்பான் போய்விட்டது. மயிலாப்பூர்க்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். நெய்தவன் எந்த ஊர்க்காரனோ, அவன் பெயர் எங்கும் போகவில்லை.

#10 நடைவண்டி

ஐயா, கேட்கிறது. எங்கள் தெருவில் இரண்டு வீட்டில். பகலில் கதவுக்குப் பின்னாலிருந்து "டக்... டக்..." என்று வரும். முன்பு தெரு முழுக்க இந்தச் சத்தம்தானாம்; பேச வேண்டுமென்றால் கத்த வேண்டுமாம். அமைதியான நகரம் என்று சுற்றுலாக்காரர்கள் மெச்சும் தெரு, பாதி தறி நின்றுபோனதால் அமைதியான தெரு.

ஒரு நாள் சுசுரே நெசவு பார்த்தேன். கிமோனோவின் இடைக்கச்சுக்கான பட்டு. வடிவத்தின் படம் பாவு நூலுக்கு அடியில் இருக்கிறது. நெய்கிற பெரியவர் சிறு நாடா ஒன்றை நிறத்துக்கு நிறம் மாற்றி உள்ளே விட்டு, ஊடை நூலை நகத்தால் வாரி நெருக்குகிறார். சீப்பு இல்லை, நகம். இரண்டு நடுவிரல் நகங்களையும் அரத்தால் ராவி ரம்பப் பல் போல வெட்டி வைத்திருக்கிறார். என்னிடம் கையை நீட்டிக் காட்டினார். நுணுக்கமான வடிவமென்றால் நாள் முழுக்க நெய்து ஒரு கட்டைவிரல் அகலம்கூட நகராத நாளும் உண்டாம். நகம் உடைந்துவிட்டால்? "வளரும் வரை வேறு வேலை பார்ப்பேன்" என்றார். கழிவறைக் குழாயைத் திறக்கும்போதுகூட அந்த இரண்டு விரலையும் அவர் மடக்கியே வைத்திருந்தார்.

#11 பழைய தறி

என் அப்பா கோர்வைச் சேலை நெய்தவர். கரைக்கும் உடலுக்கும் வேறு வேறு நிறம் என்றால் எதிர்ப்பக்கம் நாடா தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் பல ஆண்டுகள் நான்தான். நகத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "கூலி எவ்வளவாம்?" என்று மட்டும் கேட்டார்.

#12 வல்லை வெளி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நல்ல இழை. ஜப்பானிய மொழி படிக்கத் தொடங்கினால் எங்களுக்கு எழுத்து வரிசையே வியப்பாக இருக்கும்: அ இ உ எ ஒ, பிறகு க ச த ந... வினைச்சொல் கடைசியில் வரும், கேள்விக்குக் கடைசியில் ஓர் எழுத்தை ஒட்டினால் போதும். பேராசிரியர் சுசுமு ஓனோ இரண்டு மொழிக்கும் உறவு உண்டென்று எழுதினாரே. எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சண்முகதாஸும் அவர் துணைவியார் மனோன்மணி அம்மையாரும் அவரோடு சேர்ந்து உழைத்தவர்கள். நடைவண்டி அதைப் பற்றி எழுத வேண்டும்.

#13 கோபேவாசி

அவர்கள் உழைப்பின் மேல் எனக்கு மதிப்புண்டு. ஆனால் ஓனோவின் கருத்தை மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எழுத்து வரிசைக்கு விளக்கம் எளிது: வடமொழி ஒலி வரிசையைப் புத்த துறவிகள் கற்றுக்கொண்டு போனார்கள், அதன்படி தங்கள் எழுத்தை அடுக்கினார்கள். சொல் வரிசை ஒற்றுமை கொரிய மொழிக்கும் துருக்கிய மொழிக்கும்கூட உண்டு. நமக்கு அதனால் கிடைக்கும் லாபம் வேறு: தமிழில் நினைத்து அப்படியே சொல்லுக்குச் சொல் மாற்றினாலே பாதி வாக்கியம் சரியாக வந்துவிடும். ஆங்கிலத்தில் நினைப்பவன்தான் திண்டாடுவான்.

#14 வல்லை வெளி

ஏற்கவில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த வேலை நடந்தது என்று இங்கே ஒரு வரி இருக்கட்டும் என்றுதான் எழுதினேன்.

#15 மலையடிவாரம்

திருவண்ணாமலையிலிருந்து. ஆகஸ்டில் அங்கே மலையில் தீ மூட்டுவார்களாமே?

#16 நடைவண்டி

ஆமாம் அக்கா, ஆகஸ்ட் 16 இரவு எட்டு மணிக்கு. நகரைச் சுற்றியுள்ள ஐந்து மலைச்சரிவில் வரிசையாக. முதலில் கிழக்கே "பெரிது" என்ற எழுத்து, பிறகு வேறு எழுத்துகள், ஒரு படகு, மறுபடி "பெரிது", கடைசியாகக் கோயில் வளைவு. நடு ஆகஸ்டில் முன்னோர் வீட்டுக்கு வந்து தங்கிப் போகிறார்கள் என்பது நம்பிக்கை. திரும்பிப் போக அவர்களுக்கு வெளிச்சம். ஒவ்வொரு தீயும் அரை மணி நேரம்தான். நான் ஆற்றுப்பாலத்தில் நெரிசலில் நின்று பார்த்தேன். ஆரவாரம் அவ்வளவு இல்லை. பக்கத்தில் ஒருவர் கைகூப்பி நின்றார். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு புகைப்படத்தின் ஓரம் தெரிந்தது.

மறுநாள் காலை ஊர்க்காரர்கள் மலையேறிப்போய் அணைந்த கரியைப் பொறுக்கி வருகிறார்கள். வெள்ளைத் தாளில் சுற்றி வாசலில் கட்டினால் ஓராண்டுக்கு நோயும் திருட்டும் அண்டாதாம். எங்கள் பாட்டி வீட்டு வாசலிலும் தொங்குகிறது.

#17 மலையடிவாரம்

எங்கள் தீபக் கொப்பரையில் படியும் மையைப் பிறகு பிரசாதமாகக் கொடுப்பார்கள். என் நெற்றியில் வைத்துவிட அம்மா இன்னும் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறார். எரிந்ததை வீணாக்க எந்த ஊருக்கும் மனசு வராதுபோல.

#18 கல்லுக்குழி

கோபேவாசி சொன்ன கடன் கணக்குக்கு என் பங்கு. கியோட்டோவில் இச்சிஜோஜி பக்கம் ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தேன். தினமும் காலை ஆறரைக்குக் குக்கர் வைப்பேன். மேல்வீட்டு அம்மா ஒருநாள் படியில் நிறுத்தி, "காலையிலேயே சமைக்கத் தொடங்கிவிடுகிறீர்கள், எவ்வளவு சுறுசுறுப்பு!" என்றார். மகிழ்ந்துபோய் மறுநாள் ஒரு தூக்குச் சாம்பார் கொடுத்தேன். பாத்திரம் பளபளவென்று துலக்கி, உள்ளே ஒரு புதுக் கைத்துண்டோடு திரும்பி வந்தது. வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக் கூடாது என்ற நம் வழக்கம் இங்கேயும் இருக்கிறதே என்று நெகிழ்ந்து இரண்டு விசிலை நான்கு விசிலாக்கினேன். மாதக் கடைசியில் பொது அறிவிப்புப் பலகையில் யாரையும் குறிப்பிடாமல் ஒரு தாள்: "அதிகாலையில் நீராவி ஓசை எழுப்புவதைத் தவிர்க்கவும்." நீராவி ஓசை எழுப்புகிறவர் அந்தக் கட்டடத்தில் எத்தனை பேர் இருக்க முடியும்?

#19 எதிர்க்கட்சி

இதைத்தான் சொன்னேன். நேரே சொன்னால் வாய் வலிக்குமா?

#20 கோபேவாசி

நேரே சொல்லியிருந்தால் அவர் மறுநாள் படியில் முகம் கொடுத்துப் பேசியிருப்பாரா? "வாங்களேன், சாப்பிட்டுப் போகலாம்" என்று நம் வீட்டு வாசலில் நின்றுகொண்டே சொல்வோமே, அதைக் கேட்டு உண்மையிலேயே உள்ளே வந்து இலை போட்டு உட்கார்ந்தவரை என்ன நினைப்போம்? விருந்தாளிக்குத் "தேநீர்ச் சோறு சாப்பிடுகிறீர்களா" என்று கேட்டால் கிளம்பு என்று பொருள் எனக் கியோட்டோவைப் பற்றி ஒரு கதை உண்டு. அங்கே இருந்த ஐந்தாண்டில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஊர்க்காரர்களைக் கேட்டால் அது மேடைக் கதைசொல்லிகள் கிளப்பியது என்பார்கள். ஆனால் குறிப்பறிதல் என்று ஓர் அதிகாரமே நம்மிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இவர்களைக் குறை சொல்வது நமக்கு அழகில்லை.

#21 நடைவண்டி

நவம்பர் ஆகிவிட்டது. ஒரு சிக்கல்; சீக்கிரம் யாராவது வழி சொல்லுங்கள்.

பாட்டியை ஆறு நாளாகக் காணவில்லை. மருத்துவமனையில் இருக்கிறாராம், பெரிதாக ஒன்றுமில்லை, இன்னும் ஒரு வாரத்தில் வந்துவிடுவார் என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னார். எங்கள் தெருக்கோடிக் கோயிலில் பெரிய கிங்கோ மரம் இருக்கிறது. இலை மஞ்சளாகி மழைபோல் கொட்டுகிறது. எங்கள் வாசலையும் அந்த ஓர் அடியையும் பெருக்குகிறேன். அதற்கு அந்தப் பக்கம் பாட்டி வாசலில் கணுக்கால் ஆழம் இலை. மறுபக்கத்து வீட்டாரும் தங்கள் ஓர் அடியைப் பெருக்கியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் வெட்டி எடுத்ததுபோல் சுத்தம், நடுவில் மஞ்சள் மெத்தை. பார்க்க வேதனையாக இருக்கிறது. முழுவதும் பெருக்கட்டுமா?

#22 ஈரோட்டுக்காரர்

இதில் கேட்க என்ன இருக்கிறது? பெருக்குங்கள் தம்பி. படுத்திருக்கும் மனுஷியிடம் போய்க் கணக்குப் பார்ப்பதா?

#23 எதிர்க்கட்சி

வியப்பாக இருக்கும், நான் வேண்டாம் என்பேன். அவர் ஊர், அவர் முறை. வந்ததும் அவருக்கு முதல் வேலை உங்களுக்குத் திருப்பிச் செய்வதாக இருக்கும்.

#24 மலையடிவாரம்

இலை நனைந்தால் வழுக்கும். வீடு திரும்பும் நோயாளி வாசலில் விழுந்தால் மரியாதையை வைத்து என்ன செய்வது?

#25 கோபேவாசி

மலையடிவாரம் சொன்னதே சரி. ஆனால் தனியாகச் செய்யாதீர்கள். எதிர்வீட்டுக்காரரிடமோ தெருச் சங்கத்தில் இந்த ஆண்டு முறைக்காரராக இருப்பவரிடமோ, "இலை வழுக்கும் என்று பயமாக இருக்கிறது, என்ன செய்யலாம்" என்று கேளுங்கள். பெருக்குகிறேன் என்று சொல்லாதீர்கள். கேள்வியாகக் கேளுங்கள். பிறகு அது உங்கள் உதவியாக இருக்காது, தெருவின் வேலையாகிவிடும்.

#26 நடைவண்டி

கேட்டேன். எதிர்வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் இலையையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஆமாம், இந்த ஆண்டு இலை அதிகம்" என்றார். அவ்வளவுதான். மறுநாள் காலை ஆறு மணிக்குத் துடைப்பத்தோடு அவரும் அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவும் வெளியே நின்றார்கள். மூவருமாகப் பெருக்கினோம். யாரும் பேசவில்லை. ஆறு பை நிறைந்தது. அதிலிருந்து முறை வைத்துக்கொண்டோம். என் முறை செவ்வாயும் வெள்ளியும்.

#27 நடைவண்டி

பாட்டி திரும்பி இரண்டு வாரம் ஆகிறது. சற்று மெலிந்திருக்கிறார். நேற்று மாலை அழகாகச் சுற்றிய ஒரு பெட்டியைக் கொண்டுவந்து இரு கையாலும் கொடுத்தார். இனிப்பு என்று நினைத்துப் பிரித்தேன். துணி துவைக்கும் சோப்பு.

கோபேவாசி அண்ணா, உண்மையைச் சொல்லுங்கள். என் துணி நாறுகிறதா? எங்கள் வீட்டு மூவரும் ஒருவரையொருவர் முகர்ந்து பார்த்துக்கொண்டோம். இருக்கிற சட்டை எல்லாவற்றையும் நேற்றிரவே துவைத்துப் போட்டுவிட்டேன். இன்று ஈரச் சட்டையோடுதான் வகுப்புக்குப் போனேன்.

#28 கோபேவாசி

வெகுநாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

தம்பி, நோய் தீர்ந்து வீடு திரும்பியவர் அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கும் பொருள் அது. கரைந்துபோகிற, தீர்ந்துபோகிற பொருளாகத்தான் கொடுக்க வேண்டும்: சோப்பு, சர்க்கரை, தேயிலை. பொருள் தீர்வதோடு நோயும் தீர்ந்துபோகட்டும், திரும்ப வரவேண்டாம் என்பது எண்ணம். மற்ற இரண்டு வீட்டுக்கும் அதே பெட்டிதான் போயிருக்கும். எதிர்வீட்டுக்காரரும் சட்டையை முகர்ந்து பார்த்தாரா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

#29 ஈரோட்டுக்காரர்

பதிலுக்கு நாம் ஏதாவது கொடுக்க வேண்டுமா, வேண்டாமா? மகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

#30 கோபேவாசி

வேண்டவே வேண்டாம். நன்றி சொல்லிவிட்டுத் துவைக்கச் சொல்லுங்கள்.

#31 நடைவண்டி

துவைத்துக்கொண்டிருக்கிறோம். பாதிப் பெட்டி தீர்ந்துவிட்டது.

இன்று காலை ஆறு மணிக்கு அந்தச் சத்தம் மறுபடி கேட்டது. மெதுவாக, நடுநடுவே நின்று நின்று. அவர் உள்ளே போன பிறகு வெளியே வந்து பார்த்தேன். அவர் வாசலில் தண்ணீர் தெளித்திருந்தது. ஈரம் எங்கள் பக்கமும் வந்திருந்தது. செருப்பை வைத்து அளந்தேன், ஒன்றேகால் செருப்பு.